பீன்யாக் கொட்டகைகள்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் புறவழிச்சாலையில் ஏறி வடக்கே செல்வோர், தகரக் கூரை வேய்ந்த கிடங்குகளைக் கண்டிருப்பர். இத்தகைய கூரையின் கீழ் ஒரு செயற்கைக்கோளைச் செய்யலாம் என்றால் நகைக்கவே தோன்றும். ஆயினும் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் அவ்வாறுதான் உருப்பெற்றது.

1971 டிசம்பரில் விக்ரம் சாராபாய் மறைந்தார். 1972 மே மாதம் சோவியத் அறிவியல் கழகத்துடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செயற்கைக்கோளை இந்தியா செய்து தர வேண்டும். விண்ணில் ஏவித் தருவது அவர்கள் பொறுப்பு. பணியைத் தலைமேற்கொண்ட யு. ஆர். ராவ், புதுக் கட்டடம் எழும்வரை காத்திருக்கவில்லை. பெங்களூரை அடுத்த பீன்யா தொழிற்பேட்டையில் கல்நார்க் கூரைக் கொட்டகைகள் சிலவற்றைப் பெற்று அவற்றையே ஆய்வுக்கூடமாக்கினார்.

இம்முடிவை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது பிழை என்பது எம் கருத்து. தொழிற்கொட்டகையில் தூண்கள் குறுக்கிடாத அகன்ற தளம் உண்டு, உயரம் உண்டு, சுவர்களை வேண்டியவாறு எழுப்பவும் இடிக்கவும் இயலும். நுண்கருவிகளுக்கு வேண்டுவது அழகிய முகப்பன்று. தூசி புகாத, வெப்பம் கட்டுக்குள் நிற்கும் அறையே. அதனைக் கூரைக்குக் கீழே உண்டாக்கிக்கொள்ளலாம். அங்கே உருவானதுதான் 26 முகங்களும் 360 கிலோ எடையும் கொண்ட ஆரியபட்டா. 1975 ஏப்ரல் 19 அன்று காபுஸ்டின் யாரிலிருந்து அது ஏவப்பட்டது. மின்வழங்கலில் நேர்ந்த பழுதால் அறிவியல் சோதனைகள் சில நாட்களிலேயே நின்றுபோயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெங்களூரில் கழிப்பறை ஒன்றே தரவு பெறும் நிலையமாக மாற்றப்பட்டதை ராவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவ்வழக்கம் தும்பாவிலேயே தொடங்கிவிட்டது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி அங்கிருந்து கிளம்பியபோது, புனித மேரி மகதலேனா தேவாலயமே அலுவலகம். மாட்டுத் தொழுவம் ஆய்வுக்கூடம். தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. கொட்டகைகளுக்கு அப்புகழ் வாய்க்கவில்லை. தேவாலயத்தைப் படம் பிடிப்போர் பலர். கல்நார்க் கூரையை யார் படம் பிடிப்பார்?

1981 ஜூனில் ஏரியான் ஏவூர்தியில் சென்ற ஆப்பிள் செயற்கைக்கோளும் தொழிற்கொட்டகையில் செய்யப்பட்டதே. அது மாட்டுவண்டியில் வீற்றிருக்கும் படம் புகழ்பெற்றது. அப்படத்தைக் கண்டு இரங்கியோரும் எள்ளியோரும் பலர். ஆனால் வண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு: அலைவாங்கியைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டியிருந்தது, உலோக வாகனம் அச்சோதனைக்கு இடையூறாகும், மரவண்டி ஆகாது.