கேத்திரகணிதத்தில் தமிழ்நாட்டார் இருவர்

கண்டி வாவியைச் சூழ்ந்த வீதியிலே ஒருவர் நடந்து, புறப்பட்ட இடத்திற்கே மீளுகின்றார் எனக் கொள்வோம். அவர் நடந்த சுற்றினை நீருட் புகாது சுருக்கிப் புள்ளியாக்குதல் இயலாது. கையிலே ஓர் அம்பினை ஏந்தி, அடிதோறும் வகுத்த விதியொன்றின்படி அதனைக் கொண்டு சென்றாராயின், மீளும்பொழுது அவ்வம்பு முன்னைத் திசையையே காட்டும் என்பதற்கும் உறுதியில்லை. அவ்விதியே வகையீட்டுச் சமன்பாடு.

துளைகளையுடைய மூடிய பரப்பொன்றின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு காவிவெளியை நாட்டி, அவற்றை இயைபுறத் தொகுத்தது காவிக்கற்றை எனப்படும். சுற்றுக்கள் ஒவ்வொன்றுக்கும் நீளத்தை மாற்றாத சுழற்சியொன்றை முறைப்படி குறித்தால், அதனின்றும் ஒரு கற்றை தோன்றும். பிரான்சு நாட்டு ஆந்திரே வெயில் 1938 இல் இவ்வழியைத் திறந்தார். ஆயினும், சுழற்சிகளிற் பிறந்த கற்றைகளின் தனியடையாளம் யாதென்பது விளங்காமலே இருந்தது.

அதனைக் கண்டோர் மு. சே. நரசிம்மனும் காஞ்சிபுரத்திற் பிறந்த சி. எஸ். சேஷாத்திரியும் ஆவர். இருவரும் 1932 இற் பிறந்தோர். சென்னை லொயோலாக் கல்லூரியிற் பயின்று, 1953 இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தோர். நரசிம்மனார்க்கு வகையீட்டுச் சமன்பாடு கைவந்தது. சேஷாத்திரியார்க்கோ அட்சரகணிதவழிக் கேத்திரகணிதம். ஒருவர் தனித்து முயன்றிருப்பின் கைகூடியிருக்குமோ என்பது ஐயமே. துறைக்கொரு வேலியிட்டுக் கற்பிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நிற்க. டேவிட் மம்ஃபோர்ட் 1962 இல், வேறொரு நோக்கங் கருதி, ‘உறுதியான கற்றை’ என்பதொன்றை வரையறுத்திருந்தார். கற்றையின் முறுக்கினை அதன் பரிமாணத்தால் வகுத்த ஈவு, உள்ளடங்கிய சிறு கற்றை எதனது ஈவினும் பெரிதாயின் அஃது உறுதியானது. இரண்டும் அதற்கு மேலுமான துளைகளையுடைய பரப்பிலே, முறுக்குப் பூச்சியமான உறுதிக் கற்றைகளும், பிரிக்கவியலாத சுழற்சித் தொகுதிகளிற் பிறக்குங் கற்றைகளும் ஒன்றே என அவ்விருவரும் 1965 இல் நிறுவினர். ஒன்று சுற்றுக்களின் செய்தி. மற்றையது வெறும் ஈவுகளின் ஒப்பீடு. இவை பொருந்துமென எவர் எதிர்பார்த்திருப்பர்!

1983 இல் சைமன் டொனால்ட்சன் இத்தேற்றத்தை மீண்டும் நிறுவினார். அம்பினைக் கொண்டுசெல்லும் விதியையே, பௌதிகத்தின் யாங்–மில்ஸ் கொள்கையைத் தழுவி, சமன்பாடு தீர்த்து அவர் பெற்றார்.

பௌதிகத்தின் வழியே பிறந்த பிறிதொரு துறை குவாண்டம் கொஹோமொலொஜி. இரு புள்ளிகளூடு ஒரு நேர்கோடு செல்லும். ஐந்தினூடு ஒரு கூம்புவெட்டு செல்லும். இத்தகைய எண்ணிக்கைகளைக் கொண்டு அமைத்த பெருக்கலே அதன் உயிர்நிலை. மூன்றினைப் பெருக்குங்கால் எவ்விரண்டை முதலிற் பெருக்கினும் விளைவு ஒன்றே. அதனோடு இணைந்த வகையீட்டுச் சமன்பாட்டின்படி, சுருக்கத்தகு சுற்றிற் சென்ற அம்பு மாறாது மீளும் என்பதும் அவ்வுண்மையே. இவ்வொருமையைப் பற்றியே கொன்சேவிச்சு முதலியோர், எட்டுப் புள்ளிகளூடு தகுதியான முப்படி வளையிகள் 12, பதினொன்றினூடு நாற்படி வளையிகள் 620 எனக் கணித்தனர்.

எரிக் வெர்லிண்டே 1988 இற் கூறிய சூத்திரத்தின் பெருக்கலும், கிராஸ்மன் வெளிகளின் குவாண்டம் கொஹோமொலொஜியும் ஒன்றெனக் காட்டியவர் எட்வர்ட் விற்றன், ஆண்டு 1993. அச்சூத்திரம் எண்ணுவது, நரசிம்மன்–சேஷாத்திரி கற்றைகளின் வெளிமீது அமையுந் தீற்றாச் சார்புகளையே. அதனை 1994 இல் நிறுவியோருள் நரசிம்மனாரும் ஒருவர். அப்பொழுது அவர்க்கு அகவை அறுபத்திரண்டு.