அமானும் விசாவும்: பயணச் சீட்டின் வரலாறு

அயல்நாடு செல்ல விழைவோர் இன்று முதலில் நாடுவது விசாவைத்தான். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் ‘பார்வையிடப்பட்டது’ என்பது பொருள். பயணியின் சீட்டை அதிகாரி பார்த்துவிட்டார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இதே தேவைக்காக இஸ்லாமியச் சட்ட மரபு வழங்கி வந்த சொல் ‘அமான்’ என்பதாகும். அபயம், பாதுகாப்பு என்பன அதன் பொருள்கள். ஒரு சொல் பயணியைச் சோதிப்பதைக் குறிக்கிறது. மற்றொன்று அவருக்கு அளிக்கப்படும் வாக்குறுதியைக் குறிக்கிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையே பயணச் சீட்டு கடந்து வந்த பாதையைச் சற்று நோக்குவோம்.

அடைக்கலம் கேட்டு வருபவர் இணைவைப்பவராயினும் அவருக்கு அபயமளித்து, பின்னர் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்குமாறு திருக்குர்ஆன் (9:6) பணிக்கிறது. அபயம் அளிக்கும் உரிமை ஆட்சியாளருக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது அபூதாலிபின் மகளார் உம்முஹானி (ரலி), தம் கணவர் வழி உறவினர் இருவருக்கு அடைக்கலம் அளித்தார். அவருடைய உடன்பிறந்தாரான அலீ (ரலி) அதனை ஏற்க மறுத்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். உம்முஹானி அளித்த அபயம் செல்லும் என்று அண்ணலார் தீர்ப்பளித்தார்கள். ஒரு பெண்மணியின் வாய்ச்சொல் ஓர் அரசையே கட்டுப்படுத்திய நிகழ்ச்சி இது.

இந்த அடிப்படையின் மீதே ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவான சட்டங்களை வகுத்தனர். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் முஹம்மது அஷ்ஷைபானி (ரஹ்) அவர்களின் ‘ஸியர்’ நூல்கள் இத்துறையில் முன்னோடிகள். அமான் பெற்று வரும் அயலார் ‘முஸ்தஃமின்’ எனப்பட்டார். அவருடைய உயிருக்கும் பொருளுக்கும் நாடு பொறுப்பேற்றது. ஹனஃபி மத்ஹபின்படி ஓராண்டுக்குள் அவர் திரும்பிவிட வேண்டும். அவ்வாறே, அமான் பெற்று அயல்நாட்டுக்குள் நுழையும் முஸ்லிம் அந்நாட்டாரின் பொருளை வஞ்சித்துக் கவரலாகாது என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினர். ஆக, அமான் என்பது இரு தரப்பையும் பிணைத்த ஓர் உடன்படிக்கை.

எழுதப்பட்ட பயணச் சீட்டு குறித்த அருமையான சான்றொன்று ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ எனும் அரபு நூலில் உள்ளது. சுலைமான் என்ற வணிகரின் பெயரால் அறியப்படும் இந்நூல் சீன நாட்டு நடைமுறையை விவரிக்கிறது. அங்கே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வோர் இரண்டு மடல்களைப் பெற வேண்டும். ஆளுநர் தரும் மடலில் பயணியின் பெயர், வயது, குலம், உடன் செல்வோர் விவரம் ஆகியவை இருக்கும். மற்றோர் அதிகாரி தரும் மடலில் அவருடைய பணமும் சரக்கும் குறிக்கப்பட்டிருக்கும். வழியிலுள்ள காவல் நிலைகளில் இவற்றைப் பார்வையிட்டு, இன்னார் இந்நாளில் வந்தார் என்று பதிவு செய்வர். இன்றைய குடிநுழைவு முத்திரையின் மூதாதை இது எனலாம். ஆனால் இதன் நோக்கமாக அந்நூல் குறிப்பிடுவது யாது? பயணியின் பொருள் எதுவும் தொலையக் கூடாது. தொலைந்தாலோ அவர் இறந்தாலோ, உரியவரிடமோ வாரிசுகளிடமோ அது சேர வேண்டும் என்பதே.

நம் முன்னோரின் ஆட்சிகளில் சோதனையே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. 1326இல் கெய்ரோவிலிருந்து ஷாம் நோக்கிச் சென்ற இப்னு பதூதா, ஸினாய் பாலைவனத்தில் இருந்த கத்யா எனும் சோதனைச் சாவடியைப் பற்றி எழுதியுள்ளார். அங்கே வணிகர்களிடம் ஜகாத் வசூலிக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எகிப்திலிருந்து ஷாமுக்கோ ஷாமிலிருந்து எகிப்துக்கோ எவரும் செல்ல இயலாது. இரவில் மணலைச் சமப்படுத்தி வைப்பர். காலையில் காலடித் தடம் தென்பட்டால், கடந்து சென்றவரைப் பிடித்து வர ஆள் அனுப்புவர். மக்களின் உடைமைகளைக் காப்பதும், மங்கோலியர் ஆண்ட இராக்கிலிருந்து ஒற்றர் வராமல் தடுப்பதும் அதன் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பாதுகாப்பும் ஐயப்பாடும் ஒரே சீட்டில் கலந்துவிட்டதை இங்கே காண்கிறோம்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்நிலை மேலும் திரிந்தது. இந்தியப் பெருங்கடலில் செல்லும் கப்பல்கள் தம்மிடம் ‘கர்தாஸ்’ எனும் சீட்டைப் பெற வேண்டும் எனப் போர்ச்சுகீசியர் கட்டளையிட்டனர். சீட்டில்லாத கப்பல்கள் கொள்ளையிடப்பட்டன. யாருடைய தாக்குதலிலிருந்து அந்தச் சீட்டு காத்தது? அதை விற்றவர்களின் தாக்குதலிலிருந்தே! ஹஜ் கப்பல்களுக்கும் விலக்கில்லை. அச்சீட்டுகளில் மர்யம் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தமையைக் காட்டி, அக்பர் அவையின் மக்தூமுல் முல்க், ஹஜ் கடமை நீங்கிவிட்டதாகத் தீர்ப்பு வழங்கினார் என்று வரலாற்றாசிரியர் பதாயூனி பதிவு செய்கிறார். ஒரு துண்டுத் தாள் மார்க்கக் கடமையின் வாயிலையே அடைக்க முனைந்தது.

இன்றைய விசா முறை முதல் உலகப் போரின் குழந்தை. போர்க்கால ஏற்பாடாக வந்த கட்டுப்பாடுகள் போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920இல் பாரிஸில் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாடு, போருக்கு முந்திய தடையற்ற நிலை படிப்படியாகத் திரும்ப வேண்டும் என விரும்பியது. எனினும் கடவுச்சீட்டுக்கு ஒரே சீரான வடிவத்தை வகுத்து, அதை நிலைபெறச் செய்யவே அது உதவிற்று. அதே ஆண்டில் இந்தியாவுக்குள் நுழைவதற்கான கடவுச்சீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. 2025இல் புதிய குடிநுழைவுச் சட்டம் வரும்வரை அது நடைமுறையில் இருந்தது.

இம்மாற்றத்தின் வலியை நம் கடற்கரை ஊர்கள் நன்கறியும். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் வணிகர்களுக்குக் கொழும்பு வெளிநாடாகத் தோன்றியதில்லை. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. கடை ஒரு கரையிலும் குடும்பம் மறு கரையிலுமாகப் பலர் வாழ்ந்தனர். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்தவர்கள் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் ஆயினர். கடலோ தொழிலோ மாறவில்லை. மனிதர் மட்டும் அயலாராகிவிட்டனர்.

நம் காலத்து மார்க்க அறிஞர் பலர் விசாவையும் ஒருவகை அமானாகவே கொள்கின்றனர். ஆகவே பெற்ற நாட்டின் சட்டத்தை மதிப்பதும், தவணை மீறாதிருப்பதும் முஸ்லிம் பயணியின் கடமை என்கின்றனர். இது முற்றிலும் சரியே. ஆனால் அமான் ஒருதலைச் சட்டமன்று என்பதை மேலே கண்டோம். பயணியிடம் வாக்கைக் காக்கச் சொல்லும் நாம், விசா வழங்கிய நாட்டிடம், குறிப்பாகப் பிழைப்புக்காகச் செல்லும் நம் இளைஞர்களை வரவழைக்கும் முஸ்லிம் நாடுகளிடம், எதனைக் கேட்கிறோம்? அவர்களின் கூலிக்கும் உயிருக்கும் பொறுப்பேற்று, பத்திரமாக ஊர் திரும்பச் செய்வது அந்த உடன்படிக்கையின் மறுபாதி. அன்று உம்முஹானி (ரலி) அளித்த அபயத்தில் சீட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆயினும் கொடுத்த வாக்கு காக்கப்பட்டது. இன்று சீட்டும் முத்திரையும் குறைவின்றி இருக்கின்றன. அவற்றுக்குள் அந்த வாக்கு இருக்கிறதா என்று கேட்கும் உரிமையை அந்த மரபே நமக்கு வழங்கியிருக்கிறது.