கல்லின் பின்பக்கம்

1799இல் கியோத்தோவில் அச்சான ஒரு சித்திரப் புத்தகம் உண்டு. அகிசாதோ ரிதோ தொகுத்தது. தலைநகரின் பேர்பெற்ற தோட்டங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி என்று சொல்லலாம். ரியோஅன்ஜி கோயிலின் கல் தோட்டமும் அதில் இருக்கிறது. படத்தில் ஆட்கள் மணலின் மேல் நிற்கிறார்கள். கற்களுக்கு நடுவே, சந்தையில் சாமான் பார்ப்பவர்களைப் போல, சாவதானமாக உலவுகிறார்கள். யாரும் உட்கார்ந்து தியானம் செய்யவில்லை. இன்று அதே இடத்தில் பார்வையாளன் மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மணலில் கால் வைக்கக்கூடாது. இருநூறு வருஷத்துக்குச் சற்று அதிகமான இந்த இடைவெளியில், கால் வைக்கிற இடம் கண் வைக்கிற இடமாக மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. நாம் ரியோஅன்ஜியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் மௌனத்தைப் படித்துவிடுகிறோம்.

தோட்டம் சிறியது. ஏறத்தாழ 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். தாழ்ந்த மண்சுவர். வாரிவிட்ட வெண்மணலில் 15 கற்கள், ஐந்து கூட்டங்களாக. கற்களின் காலடியில் கொஞ்சம் பாசி. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துகொள்ளும் என்பார்கள். இதற்கு ஏற்றப்பட்ட அர்த்தங்களைப் பட்டியல் போட்டால் ஒரு பக்கம் போதாது: குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் புலி, கடலில் தீவுகள், மேகத்துக்கு மேலே தெரியும் சிகரங்கள், வெறுமை. ஆனால் பழைய சாட்சிகள் இந்த அர்த்தங்களுக்கு ஒத்துழைப்பதில்லை. 1588இல் ஹிதேயோஷி அங்கே வந்தபோது கவிதைக்கு விஷயமானது அங்கு நின்ற செர்ரி மரம். கற்களைப் பற்றிப் பேச்சில்லை. 1680களின் தொடக்கத்தில் குரோகவா தோயூ என்ற பிரயாணி கல் தோட்டத்தைக் குறிப்பிடுகிறார், ஆனால் ஒன்பது பெரிய கற்கள் என்கிறார். 1797இல் கோயிலின் பிரதான கட்டடம் எரிந்து, வேறொரு மடத்துக் கட்டடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தார்கள். யார் செய்த தோட்டம், எந்த வருஷம் என்பதற்கு ஆவணம் கிடையாது. ஓவியர் ஸோஅமியின் பெயரைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள். நித்தியமானது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பார்க்கப்போனால், கல் எண்ணிக்கை முதற்கொண்டு சலனத்தில் இருந்திருக்கிறது.

‘ஜென் தோட்டம்’ என்ற பெயரின் வயதைப் பார்ப்போம். கியோத்தோவில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி லொரெய்ன் கக் 1935இல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புத்தகத்தில்தான் அந்தச் சொற்சேர்க்கை முதலில் வருகிறது. பின்னால் டி.டி. சுசுகியின் ஆங்கில நூல்கள், யுத்தம், யுத்தத்துக்குப் பிறகு தோற்ற தேசம் தன்னிடம் இழக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டவேண்டிய நெருக்கடி. 1988இல் டச்சுக்காரர் வீபே குய்ட்டர்ட் இந்தப் பெயரே இருபதாம் நூற்றாண்டின் கற்பனை என்று ஆவணங்களோடு வாதிட்டார். ஷோஜி யமாதாவும் பிற்பாடு, யுத்தத்துக்கு முன் ரியோஅன்ஜி எவ்வளவு தூரம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்று காட்டினார். ஓஸுவின் ‘லேட் ஸ்ப்ரிங்’ படத்தில் (1949) இரண்டு வயசான தகப்பன்மார் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்செல்லாம் பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிடும் சங்கதிதான். வெறுமை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கற்களின் முன் நடந்த பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஜான் கேஜ் 1962இல் வந்துபோனார். 1983 முதல் கற்களைச் சுற்றிப் பென்சில் கோடிழுத்து வரைந்தார். ‘ரியோஅன்ஜி’ என்றே இசையும் எழுதினார். அது அவருடைய சிருஷ்டி. அதைக் குறை சொல்ல எனக்கு உத்தேசமில்லை. அனுபவம் வேறு, சரித்திரம் வேறு. ஒருவன் அங்கே வெறுமையை அனுபவித்தால் அது பொய்யாகாது. ‘வெறுமையை உணர்ந்த ஞானி இதைச் செய்தான்’ என்று அடுத்த வாக்கியம் எழுதும்போதுதான் வம்பு வருகிறது. அந்த வாக்கியத்தில் ஒரு களவு இருக்கிறது. யாரிடமிருந்து களவாடப்பட்டது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘சகுதெய்கி’, தோட்டம் அமைப்பது பற்றிய நூல். பிரபு குலத்தவரான தச்சிபானா நோ தொஷித்சுனா எழுதியது என்று கொள்வார்கள். ‘கரேசன்சுய்’, அதாவது வறண்ட மலையும் நீரும், என்ற சொல் அதிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு அங்கே எளிய அர்த்தம்தான்: குளமோ ஓடையோ இல்லாத இடத்தில் கல் நடுவது. நீர் நிறைந்த பெரிய தோட்டத்தின் ஒரு மூலை. தத்துவம் ஏதும் இல்லை. முதல் கல்லை நட்டபின் அதன் விருப்பத்தை அனுசரித்து மற்றவற்றை நடச் சொல்கிற அதே நூல், மலையில் நின்றிருந்த கல்லைப் படுக்கவைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று பயமுறுத்தவும் செய்கிறது. அழகுணர்ச்சியும் தோஷமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. நமக்கு இது புரியாத விஷயமில்லை.

மூலையில் கிடந்த கரேசன்சுய் முற்றத்துக்கு வந்ததற்குக் காரணங்கள் லௌகிகமானவை. ஜென் மடங்களில் தலைமைத் துறவியின் கட்டடத்துக்குத் தெற்கே சடங்குகளுக்காக வெண்மணல் பரப்பிய ஒரு வெற்று முற்றம் இருந்தது. சடங்குகள் வழக்கொழிந்தபின் அந்த இடம் சும்மா கிடந்தது. இதற்கிடையே 1467இலிருந்து 1477 வரை நடந்த ஓனின் யுத்தம் கியோத்தோவைச் சாம்பலாக்கிற்று. 1450இல் நிறுவப்பட்ட ரியோஅன்ஜியும் அதில் எரிந்தது. குளம் வெட்டவும் ஓடை திருப்பவும் காசும் நிலமும் வேண்டும். கல்லும் மணலும் குறைந்த இடத்தில், குறைந்த செலவில் அடங்கும். தைசென்-இன் மடத்தில், 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், ஒரு குறுகிய சந்தில் மலை, அருவி, ஆறு, படகு எல்லாம் கல்லில் வந்துவிடுகின்றன.

கல்லைத் தூக்கியது யார்? ‘கவரமோனோ’ என்று அவர்களுக்குப் பெயர். ஆற்றங்கரை ஆட்கள் என்று பொருள். வரி விதிக்கப்படாத, வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகிற கரைப் புறம்போக்கில் குடியிருந்தவர்கள். செத்த மாட்டை அகற்றுவது, தோல் பதனிடுவது, கிணறு தோண்டுவது அவர்கள் வேலை. சாவையும் மண்ணையும் தொடுவதால் தீட்டு. தீட்டு என்பதால், மண்ணைக் கிளறுகிற தோட்ட வேலையும் அவர்கள் தலையில் வந்தது. பெரிய வீடுகளுக்கு மரமும் கல்லும் தேடிக்கொடுத்து, தேடிக்கொடுத்து, அவர்களில் சிலருக்கு எந்தக் கல் எங்கே நிற்கும் என்பது மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்துபோயிற்று. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சக்கரவர்த்தியின் அரண்மனைத் தோட்டத்தில் இவர்கள் நுழையக்கூடாது என்று விலக்கினார்கள். அதே நூற்றாண்டின் நடுவில் ஷோகன் அஷிகாகா யொஷிமாசா, ஸென்அமி என்ற ஆற்றங்கரை ஆளைத் தன் தோட்டங்களுக்கெல்லாம் நம்பியிருந்தார்; ஸென்அமி நோயில் விழுந்தபோது மருந்து அனுப்பினார். ஒரு சமூகம் ஒரே ஆளை வாசலில் நிறுத்தவும் மருந்து கொடுத்தனுப்பவும் முடிகிறது. ஸென்அமி 1482இல் இறந்தார். அப்போது வயது 97 என்று கணக்கு.

அவருடைய பேரன் மதஷிரோ. இவரைப் பற்றிய ஒரு குறிப்பை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். 1489இல் கெய்ஜோ ஷூரின் என்ற துறவி தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தது. மாடறுக்கும் வீட்டில் பிறந்தது தனக்குத் தீராத துக்கம் என்று மதஷிரோ அவரிடம் சொல்கிறார். அதனால் உயிரைக் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று சபதம் எடுத்திருப்பதாகவும் சொல்கிறார். துறவி இதை மரியாதையோடு பதிவுசெய்கிறார். நல்லது. ஆனால் எனக்கு உறைப்பது வேறு. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தோட்டக் கலைஞர்களில் ஒருவர், தன் கலையைப் பற்றி அல்லாமல், தன் பிறப்பைப் பற்றிச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு துறவியின் முன் நிற்கவேண்டியிருந்தது. கல் நடுவது பற்றி மதஷிரோ என்ன நினைத்தார் என்று அந்தப் பக்கத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

ரியோஅன்ஜிக்குத் திரும்புவோம். சுவரை ஒட்டிப் படுத்திருக்கும் நீண்ட கல்லொன்றின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கொதாரோ. இன்னொன்றின் முதல் எழுத்து சிதைந்திருப்பதால் செய்ஜிரோ என்றும் ஹிகோஜிரோ என்றும் படிக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டு முடிவின் கோயில் நாட்குறிப்பு ஒன்றில் கொதாரோ, ஹிகோஜிரோ என்று இரண்டு ஆற்றங்கரை ஆட்கள் வருகிறார்கள். அவர்களேதானா, அல்லது கல் வேறெங்கிருந்தோ பெயரோடு வந்து சேர்ந்ததா என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். நான் வேலை பார்ப்பது வங்கியில். கையெழுத்து இருந்தால்தான் அங்கே எதுவும் நகரும். சீட்டின் பின்பக்கம் போட்ட கையெழுத்துக்கும் மதிப்புண்டு என்பது என் அன்றாட அனுபவம். இந்தக் கல்லின் பின்பக்கம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. 1799ஆம் வருஷத்துப் படத்தில் உலவுகிறார்களே, அவர்கள் நினைத்திருந்தால் சுற்றிப் போய்ப் படித்திருக்கலாம்.

யுத்தத்துக்குப் பிறகு மேல்நாடுகளில், வீட்டுக் கொல்லையில் ஜப்பானியக் கல் தோட்டம் போடுவது எப்படி என்று புத்தகங்கள் பெருகின. 1963இல் நியூயார்க்கின் புரூக்லின் தாவரத் தோட்டத்தில் ரியோஅன்ஜிக்கு ஒரு நகலே கட்டினார்கள். பிற்பாடு மேஜைமேல் வைக்க ஒரு சாண் பெட்டியில் மணலும் மூன்று கூழாங்கல்லும் குட்டி வாரியும் கடைக்கு வந்துவிட்டன. அதிகாரிகளின் மனக்கொதிப்பு அடங்குமாம். வேலையின் நிஜத்தைச் சொன்னால் இந்த வியாபாரம் படுத்துவிடும். நல்ல கல்லில் கணிசமான பாகம் மண்ணுக்குள் போய்விட வேண்டும். அகன்ற இடுப்பு புதைந்து, கல் கீழே இன்னும் பெரிதாகப் போகிறது என்ற பிரமை வந்தால்தான் அது நிற்கும். இல்லாவிட்டால் யாரோ போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஆக, பெரிய வேலை குழி வெட்டுவது. மரச்சறுக்கில் வைத்து, உருளை கொடுத்து இழுத்து, நெம்புகோல் போட்டு நிமிர்த்தி, ஒருவன் தூர நின்று பார்த்துச் சொல்லச் சொல்லத் திருப்பி, அடியில் சில்லுக்கல் செருகி, மண்ணைத் தடியால் குத்தி இறுக்க வேண்டும். ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

மணலும் நாம் நினைக்கிற மணல் இல்லை. கடற்கரை மணலில் வாரியின் கோடு நிற்காது, காற்று கலைத்துவிடும். கியோத்தோவின் வடகிழக்கே ஷிரகவா பகுதியின் கருங்கல் உளுத்து உதிர்ந்த குறுணி அது. வெள்ளையும் சாம்பலும் கறுப்பு அபிரகமும் கலந்தது. அதனால்தான் வெயிலில் கண் கூசாமல் வெள்ளையாகத் தெரிகிறது. ஆற்றிலிருந்து அதை அள்ள இப்போது தடை. இருக்கிறதைக் கழுவிக் கழுவிப் போடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கலைக்கு உயிர் கொடுத்தவர் ஷிகெமோரி மிரெய் (1896–1975). பெற்றோர் வைத்த பெயர் வேறு. வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மியேயின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கான்ட், கதே, பைரன் என்றெல்லாம் ஜப்பானிய உச்சரிப்பில் பெயர் வைத்த மனுஷர். இந்தப் பைத்தியம் நம்மவர்களிடமும் உண்டாகையால் சிரிக்கத் தோன்றவில்லை. 1934ஆம் வருஷத்துப் புயல் பழைய தோட்டங்களைச் சிதைத்தபோது, இனி அளந்து வைக்காவிட்டால் எதுவும் மிஞ்சாது என்று நாடு முழுக்க அலைந்து ஒவ்வொரு கல்லாக அளந்து வரைந்தார். 1936 முதல் 1939 வரை 26 தொகுதிகள். யாரும் இந்தக் கற்களை அதற்கு முன் அவ்வளவு ஜாக்கிரதையாகத் தொட்டதில்லை. தானும் கல் நட்டார்.

1939இல் தோஃபுகுஜி மடத்துக்குத் தோட்டம் போட்டார். மடத்திடம் பணமில்லை. இவர் கூலி வாங்கவில்லை. மடம் விதித்த நிபந்தனை, எதையும் வீணாக்கக்கூடாது. பழைய பாதையிலிருந்து பெயர்த்த சதுரக் கற்களைப் பாசிக்கு நடுவே சொக்கட்டான் கட்டம்போலப் பதித்து, அது போகப்போகக் கரைந்து மறைவதாக வைத்தார். மடத்துக் கழிப்பறையைச் செப்பனிட்டபோது மிஞ்சிய வட்டமான அஸ்திவாரத் தூண்கற்கள் ஏழு கிடந்தன. அவற்றை மணலில் நட்டுச் சப்தரிஷி மண்டலம் ஆக்கினார். ஜென் தோட்டம் என்று வாய் பிளக்கிறவர்கள் அந்த ஏழு நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பாரிஸில் யுனெஸ்கோ கட்டடத்துக்குத் தோட்டம் செய்யவந்த சிற்பி இசாமு நொகுச்சிக்கு, 1957இல், ஷிகோகு தீவில் கல் பொறுக்க உதவியவரும் இவர்தான். அதே நொகுச்சி பிறகு நியூயார்க்கில் ஒரு வங்கியின் முன்சதுக்கத்தில், தரைமட்டத்துக்குக் கீழே வட்டமாகத் தோண்டிய குழியில், உஜி ஆற்றின் கற்களை நட்டார் (1961–64). கோடையில் அதில் நீர் ஓடும், குளிர்காலத்தில் வறண்டிருக்கும். தொழில் முறையில் அது எனக்குப் பொறாமை தருகிற விஷயம்.

மிரெய் 1943இல் வாங்கிய வீடு கியோத்தோவில் யொஷிதா ஆலயத்தைச் சார்ந்தவர்களுடையது. தனக்கென்று, தன் வீட்டு முற்றத்தில், 1970இல் அவர் வறண்ட தோட்டம் அமைத்தபோது, அங்கே முன்னமே ஒரு தட்டையான வழிபாட்டுக் கல் கிடந்தது. எப்போதோ, யாரோ போட்டது. அவர் அதை அப்புறப்படுத்தவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றித் தன் நீலக் கற்களை நட்டார்.