கேலரி 37

கேலரி 37 என்பது ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்திலுள்ள சிகாகோ நகரில் 1991 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோடைகாலக் கலைப் பயிற்சித் திட்டம் ஆகும். இதில் 14 முதல் 21 வயது வரையான இளையோர், தொழில்முறைக் கலைஞர்களின் வழிகாட்டலில் கலைப்படைப்புகளை உருவாக்கினர். கலை பயில்வோர் கட்டணம் செலுத்துவதே பரவலான வழக்கமாக இருக்க, இத்திட்டம் பயிற்சியையே வேலையாகக் கருதி அவர்களுக்கு ஊதியம் வழங்கியது.

பெயர்க் காரணம்

1830 ஆம் ஆண்டில் நில அளவையாளர் ஜேம்ஸ் தாம்சன் வரைந்த நகர வரைபடத்தில் சிகாகோ 58 நிலத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 37 ஆம் தொகுதி நகரின் வணிக மையத்தில், ஸ்டேட், டியர்பார்ன், ராண்டால்ஃப், வாஷிங்டன் ஆகிய தெருக்களுக்கு இடையில் அமைந்துள்ளது. திட்டத்தின் பெயர் இத்தொகுதியின் எண்ணிலிருந்து வந்தது.

வரலாறு

புதிய உயர் கட்டிடங்கள் எழுப்பும் நோக்கில் 37 ஆம் தொகுதியிலிருந்த பழைய கட்டிடங்கள் 1989 இல் இடிக்கப்பட்டன. அலுவலக இடங்களுக்கான தேவை குறைந்ததால் கட்டுமானம் தடைப்பட்டு, நகரின் நடுவே நிலம் வெறுமையாகக் கிடந்தது. குளிர்காலத்தில் அது பனிச்சறுக்குத் திடலாகப் பயன்பட்டது.

நகர முதல்வர் ரிச்சர்ட் எம். டேலியின் மனைவி மேகி டேலியும், நகரப் பண்பாட்டுத் துறை ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்க்கும் அந்நிலத்தில் கூடாரங்கள் அமைத்து இளையோருக்குக் கலைப் பயிற்சி அளிக்க முன்வந்தனர். 1991 கோடையில் ஏறத்தாழ 260 இளையோர் பங்கேற்றனர். 1997 இல் அமெரிக்க அரசு நிர்வாகப் புத்தாக்கங்களுக்கான விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

37 ஆம் தொகுதியில் கட்டுமானப் பணிகள் 2005 இல் தொடங்கின. 2009 இல் அங்கு வணிக வளாகம் திறக்கப்பட்டது.

செயற்பாடு

பங்கேற்பாளர்கள் 'பழகுநர் கலைஞர்' எனப்பட்டனர். ஓவியம், சிற்பம், நடனம், நாடகம், எழுத்து முதலிய துறைகளில் அவர்கள் குழுக்களாகப் பணியாற்றினர். வேலைக்குச் சேர்வதைப் போன்றே விண்ணப்பித்துத் தேர்வு பெறவேண்டும். நேரந்தவறாமை, வருகை, குறித்த காலத்தில் பணியை முடித்தல் ஆகியன எதிர்பார்க்கப்பட்டன. அவர்கள் வண்ணந்தீட்டிய இருக்கைப் பலகைகள் பரவலாக அறியப்பட்டவை. படைப்புகள் பொதுமக்களுக்கு விற்கவும்பட்டன.

நகராட்சியின் நிதியுடன் தனியார் நன்கொடைகளும், நடுவண் அரசின் தொழிற்பயிற்சி நிதியும் பயன்படுத்தப்பட்டன. தொழிற்பயிற்சி நிதி முதன்மையாக வருவாய் குறைந்த குடும்பங்களின் இளையோருக்கு உரியது. கோடையில் வேறு வேலைக்குச் செல்லவேண்டிய நிலையிலிருந்தவர்களும் கலை பயில ஊதியம் வழிசெய்தது.

விரிவாக்கம்

கேலரி 37 ஐ முன்மாதிரியாகக் கொண்டு, மேகி டேலி 2000 ஆம் ஆண்டில் 'ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளி நேரத்துக்குப் பின்னரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சியளித்த இவ்வமைப்பு, கலையோடு தொழில்நுட்பம், விளையாட்டு, எழுத்து ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. மேகி டேலி 2011 நவம்பரில் காலமானார்.

மதிப்பீடு

ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ் பயிற்சிகளை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹிர்ஷ் தலைமையிலான குழு ஆராய்ந்து 2011 இல் அறிக்கை வெளியிட்டது. விண்ணப்பித்த மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, இடம் பெற்றோரும் பெறாதோரும் ஒப்பிடப்பட்டனர். இடம் பெற்றோரிடம் தன்னடக்கம் மேம்பட்டிருந்தது. தவறான நடத்தைகள் சில குறைந்திருந்தன. ஆனால் கல்வித் தேர்ச்சியிலோ, மாதிரி நேர்காணல் மூலம் அளவிடப்பட்ட வேலைத் திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வேலைக்கு ஆயத்தப்படுத்துவதே இத்தகைய திட்டங்களுக்குப் பொதுநிதி ஒதுக்கக் கூறப்படும் முதன்மைக் காரணம் என்பதால் இம்முடிவு கவனத்துக்குரியது. எனினும் ஆய்வு கலைப் பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பீட்டுப் பிரிவினர் பலரும் வேறு செயற்பாடுகளில் ஈடுபட்டிருந்தனர். ஆகவே கோடைகாலக் கலைப் பயிற்சிகளுக்கு இதனை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.