கிண்டியில் போட்ட கணக்கும் உட்கருவின் துளைகளும்



செல் படத்தில் உட்கரு உறையை முழுக்கோடாகப் போடாதீர்கள், நடுநடுவே இடைவெளி விடுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. மார்க் விழுந்தால் போதும் உங்களுக்கு! அந்த இடைவெளிகளின் கதையில் நம் கிண்டிக்கும் பங்கு உண்டு.

1950இல் காலன், டாம்லின் என்ற இருவர் நீர்நில வாழ்விகளின் முட்டைச் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது உட்கரு உறையில் துளைகள் தெரிந்தன. 1967இல் ஜோசப் கால் அவை எண்கோண வடிவம் என்று காட்டினார். ஆனால் அன்று மாதிரியை உலர்த்தி, கன உலோகச் சாயம் ஏற்றித்தான் பார்க்க முடியும். தெரிவது செல்லா, சாயமா என்ற சந்தேகம் தீரவில்லை. பிறகு மாதிரியைக் கண நேரத்தில் உறையவைத்து, ஏராளமான படங்களைக் கணினியில் ஒன்றுசேர்க்கும் முறை வந்தது. மனிதச் செல்லில் ஒரு துளையின் வெளிவிட்டம் சுமார் 120 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் எட்டாயிரம் துளைகளை வரிசையாக அடுக்கலாம். அந்தச் சின்ன வாசலைக் கட்டியிருப்பவை ஏறக்குறைய முப்பது வகைப் புரதங்கள். மொத்தம் ஆயிரம் மூலக்கூறுகள் இருக்கும்.

இவ்வளவு பெரிய கட்டமைப்பின் படம் பல இடங்களில் மங்கலாகத்தான் வரும். அதற்குள் புரதச் சங்கிலியைப் பொருத்தும்போது, பொருத்தியது சரியா என்று எப்படிச் சோதிப்பது? இங்கேதான் ஜி.என். ராமச்சந்திரன் வருகிறார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் வந்தவர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனின் அமைப்பை 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். அதில் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன என்று ஃபிரான்சிஸ் கிரிக் தரப்பு குறை சொன்னது. ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம் என்று ஆராயக் கிளம்பிவிட்டார். நம் முழங்கை பின்பக்கம் மடங்காது அல்லவா? புரதச் சங்கிலியின் மூட்டுகளும் அப்படித்தான். சில கோணங்களில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் ஆகும், எவை ஆகாது என்பதை மேசைக் கணக்கு இயந்திரத்தில் கணக்கிட்டு, சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் (நோபல் வெங்கி இல்லை, இவர் வேறு) ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

இன்று நுண்ணோக்கிப் படத்திலிருந்து அணு அணுவாகப் புரத அமைப்பை வெளியிடுகிறவர்கள், அதன் மூட்டுகளில் எத்தனை சதவீதம் இந்த வரைபடத்தின் அனுமதிக்குள் வருகின்றன என்று கணக்குக் காட்ட வேண்டும். 2022இல் உட்கருத் துளையின் விரிவான மாதிரிகள் வந்தபோது ராமச்சந்திரன் நம்மிடையே இல்லை. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். நோபல் கிடைக்கவில்லை, எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் உண்டு.

கிண்டி வளாகத்தில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தத் துறையைப் பற்றிக் கமெண்டில் எழுதுங்கள்.