திருவிருந்தும் சமபந்தியும்: தஞ்சை உபதேசியார் ராஜநாயக்கன்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் மாலை வகுப்பு முடிந்து கிளம்பும்போது, கல்லூரி முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி என்னை நிறுத்திக் கேட்டாள்: "அக்கா, பரலோகத்துல பலன் இருக்குன்னு சொல்லியே நம்ம தாத்தா, பாட்டிய அடங்கி இருக்க வெச்சிட்டாங்களா?" அவளுடைய தாத்தா ஊர்ச் சபையில் நாற்பது வருடம் மணியடித்தவர். கமிட்டியில் ஒருநாளும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியை மேம்போக்காகக் கடந்துவிட முடியாது. அதற்குப் பதில் தேட நாம் 300 ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714இல் தமிழில் அச்சிட்டார். அந்த அச்சுப் புத்தகம் சில ஆண்டுகளில் தஞ்சை மராட்டிய அரசின் படையில் சேர்வைக்காரராக இருந்த ராஜநாயக்கன் கைக்கு வந்தது. அவர் பறையர், பிறப்பால் கத்தோலிக்கர். ஆயுதம் பிடித்த கை, எழுத்துப் படித்த கண். சேரி மக்கள் எழுத்தறியாதவர்களாகவே இருந்தார்கள் என்று நமக்குச் சொல்லித்தரும் வரலாற்றுக்கு அவர் ஒருவரே போதுமான மறுப்பு.

படித்தார், தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதினார், நேரில் போய்ப் பேசினார். 1720களின் இறுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து, படை வேலையை விட்டு, தஞ்சையில் உபதேசியார் ஆனார். ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. ஊர் ஊராக நடந்தது, படிக்க வைத்தது, நோயாளியைப் பார்த்தது, செத்தவரைப் புதைத்தது எல்லாம் இவரைப் போன்ற உபதேசியார்கள்தான். மிஷன் வரலாற்றின் அட்டையில் வெள்ளைக்காரர் படம் இருக்கிறது. கால் தேய்ந்தது நம்மவருக்கு.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. சபை மாறிய கோபத்தில் கத்தோலிக்கக் கூட்டம் ஒன்று அவர் குடும்பத்தைத் தாக்கியது. அதில் அவருடைய அப்பா உயிரிழந்தார். ராஜநாயக்கன் ஊழியத்தை விடவில்லை.

இதைவிட ஆழமான காயம் சொந்தச் சபையிலிருந்து வந்தது. 1733இல் தரங்கம்பாடி மிஷன் முதல் தமிழ்ப் போதகராக ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. ஆரோன் வெள்ளாளர். இரண்டாவது போதகர் தேவைப்பட்டபோது ராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பறையர் கையிலிருந்து சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்குவார்களா என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் டியோகோவுக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அப்பத்தை யார் கையால் வாங்குவது என்பதுதான் அங்கே கேள்வி. ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, 1937 டிசம்பரில், இதே நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாட்டுச் சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட குற்றத்துக்காக நம் மக்கள் அடிக்கப்பட்டார்கள். மொட்டையடிக்கப்பட்டுச் சாணிப்பால் குடிக்கவைக்கப்பட்டார்கள். கோயிலோ கட்சியோ, பந்திக்கு வந்ததும் சாதி தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சையில் சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, தங்கையின் கேள்விக்கு வருவோம். மறுமைப் பலன் என்ற சொல் நம்மை அடக்க உதவியதா? உதவியது. "இங்கே பொறுத்துக்கொள், அங்கே கிடைக்கும்" என்று முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பின்வரிசைக்குப் போதித்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் ராஜநாயக்கன் அந்த நம்பிக்கையை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன். அரசன் தரும் பதவியை அவரே விட்டார். சபை தரவேண்டிய பட்டம் வரவில்லை. தன் வாழ்வை அளக்கும் படியை இந்த இருவர் கையிலும் கொடுக்காத ஒருவரால்தான் நாற்பது ஆண்டுக்கு மேல் அப்படி உழைக்க முடியும். கடவுள் முன் தனக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை எந்தச் சாதியும் திருத்த முடியாது என்ற உறுதி அது. கடவுள் நம்பிக்கை இல்லாத தோழர்களும் இந்த உறுதியின் பலத்தை மதிக்கலாம்.

அதே சமயம், அவருடைய உறுதியைப் புகழ்ந்துவிட்டுச் சபையின் அநீதியை மன்னித்துவிடக் கூடாது. பலன் பரலோகத்தில் இருக்கலாம். பாக்கி இங்கே இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். நாம் இன்னும் வாசலில் நிற்கிறோம். சபைக்குள் சாதி, சட்டத்தின் முன் சாதியில்லை!

அந்தத் தங்கையிடம் ஒரு வேலை சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் ஊர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். உபதேசியார், மணியடித்தவர், கல்லறை தோண்டியவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முதல் பெயராக அவள் தன் தாத்தா பெயரை எழுதியிருக்கிறாள்.