கரையின் உயரம் யாது?

ஆசிரியப் பணியாற்றிய காலமெல்லாம், 'தெரியாது' என்று எழுதப்பட்ட விடைக்கு நான் சுழியமே இட்டு வந்தேன். அச்சொல்லுக்கும் மதிப்பு உண்டு என்பதைப் பிற்காலத்தில் எனக்குக் கற்பித்தது நெதர்லாந்து நாட்டின் வரலாறு.

அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குத் தாழ்ந்தது. கடலை விலக்கி அதனைக் காப்பவை கரைகளே. அக்கரைகளை எவ்வளவு உயர்த்துவது? முன்னோர் கைக்கொண்ட முறை எளியது. அதுவரை கண்ட பெருவெள்ளத்தை அளவாகக் கொண்டு, அதற்குச் சற்று மேலே கரையை எழுப்பினர். கண்டதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வாராது என்ற நம்பிக்கையே அம்முறையின் அடிப்படை.

1939ஆம் ஆண்டில் வெமல்ஸ்ஃபெல்டர் என்னும் பொறியாளர் கடல்மட்டப் பதிவுகளை ஆராய்ந்தார். வெள்ளத்தின் உயரம் மிக மிக, அது நிகழ்வது அரிதாகிறது. ஆயினும், 'இதற்கு மேல் எழாது' என்று வரையறுக்கத்தக்க எல்லை எதுவும் அப்பதிவுகளில் இல்லை என்று கண்டார். கரைகளின் உயரம் போதாது என யோஹன் வான் ஃபேன் என்ற பொறியாளரும் எச்சரித்தார். ஆனால் உலகப்போர் குறுக்கிட்டது. கரைகள் பல தாழ்ந்தே நின்றன.

1953 பிப்ரவரி 1ஆம் நாள் அதிகாலையில், புயலால் பொங்கிய வடகடல் கரைகளை உடைத்துத் தென்மேற்குப் பகுதியிற் புகுந்தது. ஹூக் வான் ஹாலந்து என்னுமிடத்தில் நீர்மட்டம் 3.85 மீட்டர் உயர்ந்தது. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டனர்.

அம்மாதமே அரசு டெல்டா குழுவை நியமித்தது. அதற்குத் துணைபுரிந்த கணித அறிஞர் வான் டான்ட்ஸிக், பழைய வினாவையே மாற்றினார். கரையை உயர்த்தும் செலவு ஒருபுறம். கரை மீறப்பட்டால் நேரும் இழப்பை அதன் நிகழ்தகவால் பெருக்கிய தொகை மறுபுறம். இவ்விரண்டின் கூட்டுத்தொகை எந்த உயரத்தில் மிகக் குறைகிறது என்பதே அவர் எழுப்பிய வினா. கையிலிருந்த பதிவுகளின் காலமோ சிறிது. கணக்கு எட்ட வேண்டிய காலமோ மிகப் பெரிது. இந்த ஐயத்தை அவர் மறைக்கவில்லை. ஐயமுள்ள இடங்களில் பாதுகாப்பின் பக்கம் சாய்வதே முறை என்று கொண்டார்.

முடிவில் ஹூக் வான் ஹாலந்திற்கு 5 மீட்டர் நீர்மட்டம் அளவாகக் கொள்ளப்பட்டது. ஓர் ஆண்டில் கடல் அதனை மீறும் வாய்ப்பு 10,000இல் 1 என மதிப்பிட்டனர். 10,000 ஆண்டுகள் கழித்தே அவ்வெள்ளம் வரும் என்பது இதன் பொருளன்று. அடுத்த ஆண்டிலும் அது வரலாம். நூறாண்டு வாழ்பவர் அதனைக் காணும் வாய்ப்பு ஏறக்குறைய 100இல் 1.

அவ்வளவும் இறுதியானதன்று. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டினர் தம் வரையறைகளைத் திருத்தினர். நீரின் உயரத்தோடு, கரை எவ்வெவ்வாறு உடையக்கூடும், அதன் பின்னே வாழ்வோருக்கு உயிரிழப்பு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பனவும் கணக்கிற் சேர்ந்தன.

மாணவர்களே! 'தெரியாது' என்று கூறி எழுதுகோலைக் கீழே வைப்பவனுக்கு இன்றும் சுழியம்தான். தெரியாததன் அளவை ஆராய்ந்து, அதற்கேற்பக் கரையை உயர்த்துபவனுக்கோ முழு மதிப்பெண் உரியது.